நிற ஆழம்: பூஜ்யம்

நான்காம் படுக்கையும் ஒன்பதாம் படுக்கையும் ஒரே ஆளாக இருந்தார்கள்.

லென்ஸ் முதலில் சிரித்துக்கொண்டான். மதியம் இரண்டரை மணி. குளிர்சாதனம் தொண்டையைச் செருமிச் செருமி எதையோ சொல்ல வந்து சொல்லாமல் விட்டுக்கொண்டிருக்க, யாரோ கழுவாமல் வைத்த காபிக் கோப்பையின் புளித்த வாசனை மேசை மேசையாக நகர்ந்துகொண்டிருந்தது. அவன் முன்னால் உள்ளங்கை அளவுக்கு ஒரு கைக்கருவி கிடந்தது. அதன் திரையில் ஆஸ்பத்திரியின் பெண்கள் வார்டில் இருக்கும் பன்னிரண்டு நோயாளிகளின் முகங்களையும் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்க்கலாம்.

நான்காம் படுக்கை அவன் மனைவி. பித்தப்பைக் கல். மூன்று நாள் முன்பு சேர்த்தார்கள். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து, இன்று மாலை ஆறு மணிக்கு வீட்டுக்கு அழைத்துப் போகவேண்டும். ஒன்பதாம் படுக்கை, எழுபத்தெட்டு வயதில் ஒரு பல்கூட மிஞ்சாத ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. கட்டிய மனைவியைத் தலைமையாசிரியையாகப் பார்ப்பது கணவன்மார்களுக்குப் புதிதில்லை. ஆனால் தலைமையாசிரியை தன் மனைவியாகத் தெரிவது அவனுக்கு இதுதான் முதல் தடவை.

அவனை லென்ஸ் என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு, சம்பளச் சீட்டில் இருக்கும் பெயரை ஆபீஸே மறந்துவிட்டது. கடிகாரம் ரிப்பேர் செய்பவர்கள் கண்ணில் செருகிக்கொள்ளும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரையின் புள்ளிகளை எண்ணுகிறவன். திரையில் ஒவ்வொரு புள்ளிக்கும் எத்தனை பிட் ஒதுக்குகிறோமோ அதுதான் நிற ஆழம். பதினாறு பிட் கொடுத்தால் அறுபத்தையாயிரம் நிறம் கிடைக்கும். எட்டு கொடுத்தால் இருநூற்றைம்பத்தாறு. இரண்டு கொடுத்தால் நான்கே நான்கு: கறுப்பு, அடர்சாம்பல், வெளிர்சாம்பல், வெள்ளை. இந்த நான்கிலும் சேராதது எல்லாம் எதற்குப் பக்கத்தில் இருக்கிறதோ அதில் போய் ஒட்டிக்கொள்ளும்.

இரண்டு பிட் போதும் என்று முடிவெடுத்தது தீர்க்கதரிசி. அவர்தான் மேலாளர். எந்தக் கூட்டத்திலும் ஜன்னலைப் பார்த்தபடிதான் பேசுவார், எதிர்காலம் அந்தப் பக்கத்திலிருந்துதான் வருகிறது என்பதுபோல. "நோயாளிக்கு எதுக்குய்யா கலரு? கலரைக் குறைச்சா பேட்டரி ரெண்டு ஷிப்ட் தாங்கும். நாம கருணையை டிஜிட்டல் பண்றோம்" என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். கருணையை எந்த வடிவத்தில் சேமிப்பது என்று யாரும் கேட்கவில்லை. அதே கூட்டத்தில், முகமே அடையாளமாக இருக்கும்போது மணிக்கட்டில் பெயர்ப்பட்டை கட்டுவது பழைய பஞ்சாங்கம் என்றும் முடிவானது. பன்னிரண்டு பட்டைகளையும் நேற்றே வெட்டி எறிந்துவிட்டார்கள்.

இன்று இரண்டு மணிக்குத் தொடக்கவிழா. தீர்க்கதரிசி நேரில் போய், ஊழியர் குடும்பத்தைக் கௌரவிப்பதாகச் சொல்லி, முதல் நோயாளியாக லென்ஸின் மனைவி முகத்தையே கருவியில் திறந்து காட்டி, ஃபோட்டோ எடுத்துக்கொண்டார். அதற்குப் பிறகு வேலை சிஸ்டருடையது. அவரவர் மருந்து நேரத்துக்கு அவரவர் முகத்தைத் திறந்து, ஆளைச் சரிபார்த்து, மாத்திரை கொடுத்து, மூடவேண்டும். வார்டில் இருக்கும் கருவியும் லென்ஸ் மேசையில் இருக்கும் கருவியும் ஒரே சர்வரோடு பேசுபவை. அங்கே மாறுவது இங்கேயும் மாறும்.

நான்கு சாம்பலில் இரண்டு முகம் ஒன்றாகத் தெரிவதில் ஆச்சரியமில்லை என்று தனக்கே பாடம் நடத்திக்கொண்டு, அவன் தன் கருவியில் நிற ஆழத்தைப் பதினாறுக்கு ஏற்றினான்.

நிறம் வந்தது. தலையணையின் நீலம் வந்தது, போர்வையின் பச்சை வந்தது, கன்னத்தின் மாநிறம் வந்தது. ஒன்பதாம் படுக்கையில் அவன் மனைவி, காதோரம் பிரிந்த அதே கற்றை முடியோடு, அறுபத்தையாயிரம் நிறத்தில் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவன் நான்காம் படுக்கைக்குத் தள்ளினான். மனைவி. ஒன்பதுக்குத் தள்ளினான். மனைவி. கீழே தலைமையாசிரியையின் வயது, எடை, ரத்தப் பிரிவு எல்லாம் ஒழுங்காக எழுதியிருந்தது.

யாரோ படத்தை மாற்றி ஏற்றியிருக்கவேண்டும். சர்வரில் போய்ப் பார்த்தான். படம் ஏறியது நேற்றுக் காலை, அதன்பிறகு யாரும் கை வைக்கவில்லை. பின்னால் பிரிண்டர் தானாக ஒருமுறை உறுமி அடங்கியது.

நிரலைத் திறந்தான். தான் எழுதியதைத் தானே படிப்பது, பழைய காதல் கடிதத்தைப் படிப்பதுபோல; எந்த வரியில் அசிங்கப்படப் போகிறோம் என்று தெரியாது. இந்த வேலையில் ஒரு மரியாதை உண்டு. நிரல் தொடங்கும்போது, கருவி இப்போது எந்த ஆழத்தில் இருக்கிறது என்று கேட்டு, அதை ஓரிடத்தில் எழுதி வைத்துக்கொள்ளவேண்டும். பிறகு நமக்கு வேண்டிய ஆழத்தை வைக்கலாம். மூடும்போது எழுதி வைத்ததைப் பார்த்துப் பழைய ஆழத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போகவேண்டும். இரவல் வாங்கின வீட்டைப் பெருக்கிவிட்டுக் கிளம்புவதுபோல.

அவன் திருப்பிக் கொடுக்கும் வரியை எழுதியிருந்தான். கேட்டு எழுதி வைக்கும் வரியை எழுத மறந்திருந்தான். எழுதி வைக்கவேண்டிய இடம் காலி. காலி என்றால் பூஜ்யம். ஆகவே ஒவ்வொரு முறை மூடும்போதும் அவன் நிரல் அந்தக் கருவியிடம் சொல்லிக்கொண்டிருந்தது: நிற ஆழத்தைப் பூஜ்யம் ஆக்கு.

அப்படி ஓர் ஆழம் கிடையாது. எந்தக் கருவியும் முடியாது என்றுதான் சொல்லவேண்டும். முடியாது என்று சொன்னதா என்று பார்க்கும் வரியையும் அவன் எழுதவில்லை. பேனாவை எடுத்துக் கணக்குப் போட்டான். இரண்டு பிட்டுக்கு நான்கு. ஒரு பிட்டுக்கு இரண்டு. பூஜ்யம் பிட்டுக்கு?

ஒன்று.

எது வந்தாலும் ஒன்று. எத்தனை பேர் வந்தாலும் ஒன்று. முதலில் திறந்த முகம் எதுவோ, அது.

பதிவேட்டைத் திறந்தான். இரண்டு மணி நான்கு நிமிடம், படுக்கை நான்கு, மூடியது, ஆழம் பூஜ்யம், ஏற்கப்பட்டது. இரண்டு இருபத்தொன்று, படுக்கை ஒன்பது, மூடியது, ஆழம் பூஜ்யம், ஏற்கப்பட்டது.

ஏற்கப்பட்டது என்ற சொல்லை அவன் அந்த நிரலில் எங்கும் எழுதியிருக்கவில்லை.

வார்டுக்குப் போன் போட்டான்.

"சிஸ்டர், கம்பெனியிலேர்ந்து பேசறேன். அந்தப் புரோகிராமை மூடாதீங்க."

"எதை சார்?"

"கையில வச்சிருக்கீங்களே, அதைத்தான். திறந்தது திறந்தபடியே கிடக்கட்டும்."

"நல்லாருக்கு சார். ஒவ்வொரு பேஷண்டுக்கும் அப்புறம் மூடணும்னு இவ்வளவு பெரிய எழுத்துல ஒட்டி வச்சது நீங்க. மூட மறந்துட்டேன்னு உங்க பெரியவர் மத்தியானம் எல்லார் முன்னாடியும் என்னை ஒரு பிடி பிடிச்சாரு. இப்ப மூடாதேங்கறீங்க."

"நான்தான் சொல்றேன்ல. மூடாதீங்க."

"எழுத்துல குடுங்க சார். வாயால சொன்னா நாளைக்கு என் தலைதான் உருளும்."

அவள் குரலுக்குப் பின்னால் இரண்டு ஸ்வரம் கேட்டது. கீழே ஒன்று, மேலே ஒன்று. நிரல் மூடும்போது ஒலிக்க அவனே தேர்ந்தெடுத்த சத்தம். இனிமையாக இருக்கட்டும் என்று ஒருநாள் முழுக்க உட்கார்ந்து தேர்ந்தெடுத்தது.

மேசைமேல் இருந்த கருவியில் ஆறாம் படுக்கையின் முகம் ஒரு கணம் கலங்கி, தெளிந்தது.

"சிஸ்டர். ஆறாம் படுக்கையைக் கொஞ்சம் பாருங்க. அந்தம்மா எப்படி இருக்காங்க?"

"நல்லாத்தான் இருக்காங்க. மாத்திரை போட்டாச்சு." சற்று நேரம் செருப்புச் சத்தம் மட்டும் கேட்டது. "நாலாம் நம்பர் ஜாடை அப்படியே இருக்கு சார். அக்கா தங்கச்சியா ரெண்டு பேரும்?"

அவன் விடுபட்ட வரியை எழுதினான். மூன்று முறை தப்பாக எழுதி அழித்தான். புதிய நிரல் தயாரானது. வார்டில் இருக்கும் கருவிக்கு அனுப்பினான். பதில் வந்தது: புதியதை ஏற்ற, பழையதை ஒருமுறை மூடவேண்டும்.

சர்வரை நிறுத்தினான். நிறுத்திய பிறகுதான் நினைவு வந்தது. சர்வர் இல்லாவிட்டாலும் கருவி தானாக ஓடும். போன மாதம் அதற்காகத்தான் அவனுக்குக் கேடயம் கொடுத்தார்கள்.

தீர்க்கதரிசியின் அறைக்கு ஓடினான். விழாவிலிருந்து அப்போதுதான் திரும்பியிருந்த அவர், ஃபோட்டோவில் தன் முகம் சரியாக விழுந்ததைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார், வார்டுல எல்லாத்தையும் நிறுத்தணும். பேஷண்டெல்லாம் மாறிப் போறாங்க."

"பேட்டரி எப்படி இருக்கு?"

"பேட்டரி நல்லாருக்கு சார், ஆனா..."

"அப்புறம் என்னய்யா?"

லென்ஸ் படியில் இறங்கி ஓடினான். லிஃப்டுக்குக் காத்திருக்க முடியவில்லை.

டாக்ஸி கிடைத்தபோது நாலரை. சாலை முழுக்க வண்டிகள் பிதுங்கி நிற்க, வெயில் ஒவ்வொரு கண்ணாடியிலும் பட்டு அவன் கண்ணில் தெறிக்க, டாக்ஸிக்குள் பழைய ரெக்சினும் ஊதுபத்தியும் கலந்த வாசனை மூச்சை அடைத்தது. மகளுக்குப் போன் போட்டான். கல்லூரிக்கு லீவு போட்டுவிட்டு மூன்று நாளாக அம்மாவோடு இருப்பவள்.

"அம்மா எப்படிடா இருக்காங்க?"

"ஜாலியா இருக்காங்க. உங்களைப் பத்திப் பக்கத்து பெட்ல சொல்லிச் சொல்லிச் சிரிக்கறாங்க."

அவன் நெஞ்சு ஒரு நிமிடம் ஆறியது. "நீ அம்மா பக்கத்துலேர்ந்து நகராத. நான் வர்றவரைக்கும் கையைப் பிடிச்சுட்டே இரு."

"நான் கீழ ஜூஸ் வாங்க வந்திருக்கேன்ப்பா. மேல தரை கழுவறாங்க. எல்லா கட்டிலையும் வராந்தாவுக்குத் தள்ளிட்டாங்க, நிக்கக்கூட இடமில்ல."

படுக்கை எண்கள் கட்டிலில் இல்லை. சுவரில் இருந்தன.

"மேல போ. உடனே போ. அம்மா கட்டில் எதுன்னு பாத்து வச்சுக்க."

"என்னப்பா இது, கைக்குழந்தையைத் தொலைச்ச மாதிரிப் பதர்றீங்க. அம்மா எங்க ஓடிடவா போறாங்க?"

போன் வைக்கும் முன், தூரத்தில், மாடிப்படியிலிருந்து இறங்கி வருவதுபோல, அந்த இரண்டு ஸ்வரம் கேட்டது. கீழே ஒன்று. மேலே ஒன்று.

ஆஸ்பத்திரி வாசலில் இறங்கும்போது ஆறாகப் பத்து நிமிடம் இருந்தது. வழியில் அவன் சட்டைப்பையில் இருந்த கருவியை எடுத்துப் பார்க்கவில்லை. பார்க்காதவரை இன்னும் யாராவது மிச்சமிருக்கலாம் என்று ஒரு நம்பிக்கை. பினாயில் வாசனை இரண்டாம் மாடி வரைக்கும் அவனுக்கு முன்னால் ஏறிப் போயிற்று. வராந்தா காலியாக இருந்தது. கட்டில்களை உள்ளே தள்ளிவிட்டார்கள். ஈரத் தரையில் சக்கரத் தடங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக, எது எங்கே போனது என்று சொல்லாமல், வார்டுக்குள் போயின.

கதவைத் தள்ளினான்.

பார்வையாளர் நேரம். இரு பக்கமும் ஆறாறு கட்டில், ஒவ்வொன்றின் பக்கத்திலும் சொந்தக்காரர்கள். பேச்சு, தட்டுச் சத்தம், யாரோ சிரிக்கும் சத்தம். எங்கும் ஒரு பதற்றம் கிடையாது. மேற்கு ஜன்னல் வழியாக வெயில் சாய்வாக விழுந்து எல்லாத் தலையணைகளையும் ஒரே பொன்னிறமாக்கியிருந்தது. கதவோரக் கட்டிலில் தலைமையாசிரியையின் மகன், மூன்று நாளாகப் பார்த்துப் பழகிய வழுக்கைத் தலைக்காரர், ஆப்பிளை நறுக்கித் தாய்க்கு ஊட்டிக்கொண்டிருந்தார். கறுக், கறுக் என்று கடிக்கும் சத்தம் கேட்டது.

அவள் பற்கள் வரிசையாக, வெள்ளையாக இருந்தன. லென்ஸுக்குத் தெரிந்த பற்கள்.

அடுத்த கட்டில். அதே காதோரக் கற்றை. அடுத்தது. அதே நெற்றி. அதற்கடுத்தது. அதே கண்ணோரச் சுருக்கம். இவன் போகப் போக, ஒவ்வொரு தலையும் தலையணையில் திரும்பியது. இவனைப் பார்த்தது. மலர்ந்தது.

"வந்துட்டீங்களா?"

ஒரு குரல் இல்லை. பன்னிரண்டு.

சொந்தக்காரர்கள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. ஆளுக்கு ஒரு கையைப் பிடித்திருந்தார்கள்.

மகள் ஜன்னலோரக் கட்டிலில் உட்கார்ந்து ஜூஸில் ஸ்ட்ராவைக் குத்திக்கொண்டிருந்தாள்.

"இதுதான் அம்மான்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"என்னப்பா கேள்வி இது?" மகள் கட்டிலைப் பார்த்தாள். எதிர்க் கட்டிலைப் பார்த்தாள். மறுபடி இந்தக் கட்டிலைப் பார்த்தாள். நெற்றியில் ஏதோ ஓடியது, நின்றுவிட்டது. "மேல வந்தப்போ இங்கதான் இடம் காலியா இருந்துச்சு. அம்மாதான்ப்பா."

சிஸ்டர் வந்தாள். ஒரு கையில் கருவி, மறு கையில் காகிதம்.

"சார், டிஸ்சார்ஜ் போடணும். ரெண்டு கையெழுத்து. கைப்பட்டையும் இல்ல, ஆளை நீங்களே காட்டிடுங்க."

"எல்லாரும் ஒரே மாதிரி இருக்காங்களே சிஸ்டர், உங்களுக்குத் தெரியலையா?"

"இருந்தா என்ன சார்?" என்றாள் சிஸ்டர், களைத்துப்போன குரலில். "எல்லாரும் நல்லாத்தானே இருக்காங்க. ஒரு கம்ப்ளைண்டு கிடையாது. இத்தனை வருஷத்துல இப்படி ஒரு ஈவினிங் நான் பாத்ததில்ல. சீக்கிரம் சொல்லுங்க, ஆறு மணியோட என் டூட்டி முடியுது."

அவன் வார்டின் நடுவில் நின்றான். தொண்டையைக் கனைத்துக்கொண்டான். அவளுக்கு மட்டும் தெரிந்தது ஒன்றைக் கேட்கவேண்டும். எதுவும் நினைவுக்கு வரவில்லை. இருபத்திரண்டு வருடக் கல்யாணத்திலிருந்து அவன் கைக்குக் கிடைத்தது இதுதான்:

"வீட்டுல காஸ் சிலிண்டர் எப்ப மாத்தினோம்?"

"செவ்வாய்க்கிழமை" என்றன பன்னிரண்டு வாய்கள். "மாத்தினோம் இல்ல. நான் மாத்தினேன். நீங்க பேப்பர் படிச்சுட்டிருந்தீங்க."

பிறகு பன்னிரண்டும் சிரித்தன. அவள் சிரிப்பு. மூக்கில் முடியும் சிரிப்பு.

அவனுக்கு அழுகை வந்தது. ஒன்று நிச்சயம். இதில் ஒருத்தி அவள். இங்கேதான் இருக்கிறாள். இவனைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். இவன் கண்டுபிடித்துவிடுவான் என்று நம்பிக்கொண்டிருக்கிறாள்.

ஒவ்வொரு கட்டிலாகப் போனான். குனிந்தான். முகத்தைப் பார்த்தான். கண்ணைப் பார்த்தான். எந்தக் கண்ணும் இமைக்கவில்லை. இல்லை, எல்லாம் சேர்ந்து இமைத்தன. வயிற்றில் பிளாஸ்திரி. அங்கேயும். அங்கேயும். கையைத் தொட்டான். சூடு. அதே சூடு.

சுவர்க் கடிகாரம் ஆறைத் தொட்டது.

"சார்" என்றாள் சிஸ்டர்.

"அப்பா" என்றாள் மகள். "போலாம்ப்பா. பசிக்குது."

கையெழுத்துப் போட்டான். ஜன்னலோரக் கட்டிலைக் காட்டினான். மகள் பிடித்திருந்த கை என்பதால். வேறு காரணம் எதுவும் அவனிடம் இல்லை.

அவள் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டாள். அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். மகள் பையை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தாள். கட்டில்களுக்கு நடுவே நடந்தார்கள். ஆப்பிள் கடிக்கும் சத்தம் நின்றிருந்தது.

கதவு வரைக்கும் போனார்கள்.

பின்னால் ஒருத்தி அழ ஆரம்பித்தாள்.

வாயைப் பொத்திக்கொண்டு அழும் அழுகை. அவனுக்குத் தெரியும் அந்த அழுகை. அவன் திரும்பினான். யார் என்று பார்ப்பதற்குள் அடுத்தவள் ஆரம்பித்தாள். அதற்கடுத்தவள். பதினொரு கட்டில்களிலும் பதினொரு பேர், சொந்தக்காரர்கள் பிடித்த கைகளை உதறிக்கொண்டு, இவன் பக்கம் நீட்டி, ஒரே குரலில், ஒரே மூச்சில்.

"பாவம், வலி போல" என்றாள் மகள், படியில் இறங்கியபடியே.

அவன் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவன் கையைப் பிடித்திருந்த கை மெல்ல இறுகியது. அவள் மட்டும் அழவில்லை. பதினொரு பேரையும் ஒரு தடவை நிதானமாகப் பார்த்தாள். கதவைச் சாத்தினாள். பிறகு அவன் பக்கம் திரும்பி, மரியாதையாக, கொஞ்சம் தாழ்ந்த குரலில் கேட்டாள்:

"நம்ம வீடு எந்தப் பக்கம்ங்க?"